பாஸ்வேர்டைத் தர மறுத்தால் ஆட்சியைப் பிடிக்க வந்தவர்களைத் தடுத்துவிட முடியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன், பிசகியிருந்தால் திருத்துங்கள். உங்கள் அலுவலகத்தில் முக்கியமான ஒரு சர்வரின் நிர்வாகப் பாஸ்வேர்டு இரண்டே பேரிடம் இருக்கிறது, அதில் நீங்கள் ஒருவர். நாளைக்கே ஒரு கூட்டம் சட்டத்தை மீறி ஆட்சியைப் பிடித்து, உங்கள் அறைக்குள் நுழைந்து ‘அதைக் கொடு’ என்று கேட்டால், மறுப்பதால் ஏதாவது பயன் உண்டா, அல்லது வேலை போவதுதான் மிச்சமா என்கிறீர்கள். போகிற போக்கில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெளியேறினால் என்ன என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். பார்க்கக் கம்ப்யூட்டர் கேள்வி மாதிரி இருக்கிறது. எனக்கென்னவோ நீங்கள் கேட்பது இன்னும் பழைய கேள்வி என்று படுகிறது: மேசையில் உட்கார்ந்திருப்பவன் கையைக் கட்டிக்கொண்டால், துப்பாக்கியோடு வந்தவன் தோற்பானா?

சில சமயம் தோற்றிருக்கிறான், பல சமயம் தோற்கவில்லை. எப்போது எது நடந்தது என்பதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. சொல்வதற்கு முன் நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 26 வருடம் அரசுக் கணக்குப் பிரிவில் வேலை, அதில் கடைசி 11 வருடம் பணப்பட்டுவாடா மென்பொருளில் யாருக்கு எந்த அனுமதி என்று ஒதுக்கும் மேசை. ஆட்சிக் கவிழ்ப்பை நேரில் பார்த்தவன் இல்லை, வக்கீலும் இல்லை. ஒரு பில் எப்படிப் பணமாகிறது, எந்தெந்த மேசையில் நின்றால் அது நின்றே போகும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அந்தக் கண்ணோடுதான் இந்த வரலாற்றையெல்லாம் படித்தேன்.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் எடுப்பது 1920 பெர்லின். மார்ச் 13, சனிக்கிழமை விடிகாலையில் எர்ஹார்ட் என்ற கடற்படை அதிகாரியின் படைப்பிரிவு நகரத்துக்குள் அணிவகுத்து வந்தது. வொல்ஃப்காங் காப் என்பவர் தன்னையே சான்சலராக அறிவித்துக்கொண்டார். சட்டப்படியான அரசு டிரெஸ்டனுக்கும், அங்கிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கும் போய்விட்டது. ராணுவத் தலைமையைக் கேட்டால், ராணுவம் ராணுவத்தைச் சுடாது என்று கையை விரித்துவிட்டது. ஆக கட்டடங்கள் காப் கையில், தெருவும் காப் கையில். ஆனால் அமைச்சகங்களின் மூத்த அதிகாரிகள் அவர் உத்தரவை ஏற்கவில்லை. படைக்குக் கூலி கொடுக்க வேண்டுமே, ரைக்ஸ்பாங்க் என்ற மத்திய வங்கியிடம் ஒரு கோடி மார்க் கேட்டார்கள். உரிய அதிகாரம் உள்ளவரின் ஒப்பம் இல்லை என்று வங்கி கைவிரித்தது. பலவந்தமாக எடுத்து வாருங்கள் என்று காப் சொன்னதற்கு, ‘நான் ராணுவ அதிகாரி, பெட்டகம் உடைக்கிறவன் இல்லை’ என்கிற மாதிரி எர்ஹார்ட் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. அறிக்கையை டைப் அடிக்க ஆள் கிடைக்காமல் காப்பின் மகளே உட்கார்ந்து அடித்தார், அதற்குள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகள் அச்சாகிவிட்டன என்று இன்னொரு கதை. இந்த இரண்டையும் கதைக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பணம் கிடைக்கவில்லை என்பது உறுதி, 17ஆம் தேதி காப் பதவியை விட்டு ஓடினார் என்பதும் உறுதி. மொத்தம் ஐந்தே நாள்.

ஆனால் கிளார்க்குகள் மட்டுமே அவரைத் தோற்கடித்தார்கள் என்று சொன்னால் அது மிகை. அதே நாட்களில் ஏறக்குறைய 1.2 கோடித் தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். பெர்லினில் தண்ணீர், எரிவாயு, மின்சாரம், ரயில் எல்லாமே நின்றுபோயின. கிழக்கு பிரஷ்யாவில் அதிகாரிகள் பலர் காப் பக்கமே சாய்ந்தார்கள், அதையும் மறைக்கக் கூடாது. வெற்றியில் யார் பங்கு எவ்வளவு என்பதில் இன்றும் வாதம் உண்டு. என் ஊகம், வேலைநிறுத்தம் இல்லாமல் வங்கியின் மறுப்பு ஒரு வாரத்துக்கு மேல் தாங்கியிருக்காது. வங்கியின் மறுப்பு இல்லாமல் இருந்திருந்தால் காப் இன்னும் சில வாரம் இழுத்திருப்பார்.

அந்த வங்கிக்காரர்களிடம் எனக்குப் பிடித்தது அவர்கள் மறுத்த விதம். நீ துரோகி, உனக்குப் பணம் கிடையாது என்று யாரும் வசனம் பேசவில்லை. ஒப்பம் சரியில்லை, அவ்வளவுதான். கருவூலத்தில் வேலை பார்த்தவர்கள் இதை ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லியிருப்பார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று நம்மைத் திட்டுவதற்கென்றே ஒரு பழமொழி இருக்கிறது, வாஸ்தவம்தான். அந்தப் பூசாரித்தனம் ஜனங்களுக்கு உபயோகப்படும் அபூர்வமான தருணம் ஒன்று உண்டென்றால், வரம் கொடுக்க வந்திருப்பது சாமியே இல்லை என்று தெரிகிற அந்த நேரம்தான்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை என் மேசையிலிருந்தே காட்டுகிறேன். நிதியாண்டு முடியும் வாரத்தில் ஒரு சாயங்காலம், மேல் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். புதிதாக ஒரு பயனர் கணக்கு வேண்டும், அதில் பில்லைப் பதிவு செய்யவும் முடிய வேண்டும், அதே பில்லை ஒப்புதல் செய்யவும் முடிய வேண்டும் என்றார். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் எங்கள் முறையே இருக்கிறது. பதிவு செய்பவர் ஒருவர், சரிபார்த்து விடுவிப்பவர் இன்னொருவர், இரண்டு பேருக்கும் தனித்தனி டோக்கன். ‘மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்’ என்று போனைக் காட்டினார். நான் மறுக்கவே இல்லை. ‘தாராளமா பண்ணித் தர்றேன் சார், இந்தப் படிவத்துல யாருக்கு, எதுக்கு, எத்தனை நாளைக்குன்னு எழுதி ஒப்பம் போட்டுக் கொடுங்க’ என்றேன். படிவத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். வரவேயில்லை. வாய்மொழி உத்தரவு எப்போதுமே எழுத்தைக் கண்டால் கூசும். தப்பு என்று தெரிந்து ஒன்றைக் கேட்பவன் தன் பெயர் அதில் ஏறுவதை விரும்புவதில்லை.

சரி, இதே ஆயுதம் மண்ணைக் கவ்விய இடத்தையும் பார்க்க வேண்டும். ரஷ்யா, 1917. நவம்பர் 7இல் லெனினின் போல்ஷெவிக் கட்சியினர் அன்றைய தலைநகரான பெட்ரோகிராடில் ஆட்சியைப் பிடித்ததும் அமைச்சக ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக வேலையை நிறுத்தினார்கள். வெளியுறவு அமைச்சகத்துக்குப் போன ட்ராட்ஸ்கிக்கு ஒத்துழைக்க ஆள் இல்லை. சமூக நலத் துறைக்குப் போன அலெக்ஸாண்ட்ரா கொலோண்டாய்க்குப் பெட்டகத்தின் சாவி கிடைக்கவில்லை, அதிகாரிகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களைக் கைது செய்ய வேண்டியிருந்ததே என்று அவர் அழுததாகச் சொல்வார்கள், ஆனாலும் கைது செய்தார், சாவி வந்தது. அரசு வங்கி பணம் தர மறுத்தது. அதன் தலைவரை நீக்கி, ஆள் அனுப்பி மிரட்டி, மூன்று வாரம் கழித்து 50 லட்சம் ரூபிளை மூட்டைகளில் கட்டித் தங்கள் தலைமையகமான ஸ்மோல்னிக்குத் தூக்கிப் போனார்கள். டிசம்பர் 20இல் செக்கா என்ற ரகசியப் போலீஸ் தொடங்கப்பட்டதற்கு உடனடிக் காரணங்களில் ஒன்றே இந்த அரசு ஊழியர் வேலைநிறுத்தம்தான். ஒரு வாரம் கழித்துத் தனியார் வங்கிகளையும் அரசுடைமையாக்கிவிட்டார்கள். அதன்பின் வேலைநிறுத்தம் தேய்ந்து, 1918 தொடக்கத்தில் அடங்கிப்போயிற்று.

இரண்டு இடத்திலும் ஊழியர்கள் செய்தது ஒன்றேதான். பிறகு ஏன் ஒன்று ஜெயித்தது, ஒன்று தோற்றது? ஜெர்மனியில் சட்டப்படியான அரசு வேறொரு ஊரில் உயிரோடு இருந்தது; அவனுக்குக் கீழ்ப்படியாதே என்று சொல்ல ஒரு வாய் இருந்தது. ரஷ்யாவில் பழைய அமைச்சர்கள் கோட்டைச் சிறையில். ஜெர்மனியில் தெருவும் தொழிற்சாலையும் கிளார்க்குகள் பக்கம். ரஷ்யாவில் அந்த அதிகாரிகளுக்காக அழ யாருமில்லை. இன்னொன்றும் உண்டு, மேல்மட்டத்தவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை: பல அமைச்சகங்களில் கடைநிலை ஊழியர்களும் ஏவலாட்களும் வந்தவர்கள் பக்கம் போனார்கள். இருபது வருடமாக எந்த அதிகாரி தன்னை ‘டேய்’ என்று கூப்பிட்டானோ, அவனுக்காகக் கதவை அடைத்துக்கொண்டு நிற்க எவன் சம்மதிப்பான்? உங்கள் அலுவலகத்தில் சர்வர் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது? இரவுக் காவலரிடம் இருந்தால், அவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?

மூன்றாவதாக நார்வே. என்னைக் கேட்டால் இதுதான் பாடப்புத்தகம். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, 1942 பிப்ரவரியில், ஜெர்மானியர்களுக்குத் துணைபோன நார்வேக்காரர் குவிஸ்லிங்கின் அரசு எல்லா ஆசிரியர்களையும் தன் கட்சியின் சங்கத்தில் கட்டாயமாகச் சேர்த்தது. நாட்டில் சுமார் 12,000 ஆசிரியர்கள். தலைமறைவாக இருந்த ஒரு சிறு குழு ஒரு சின்ன வாசகத்தை எழுதி அனுப்பியது. புதிய சங்கத்தின் உறுப்பினராக என்னைக் கருத முடியாது, என் மனசாட்சி இடம் தரவில்லை என்கிற அளவுக்குத்தான். அதை ஒவ்வொருவரும் தன் பெயர் முகவரியோடு, ஒரே நாளில், தனித்தனிக் கடிதமாக அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். 8,000க்கு மேல் அனுப்பினார்கள். அரசு எரிபொருள் தட்டுப்பாடு என்று சாக்குச் சொல்லிப் பள்ளிகளை மூடியது. பெற்றோர்கள் தங்கள் பங்குக்குக் கடிதங்களைக் குவித்தார்கள். சுமார் 1,100 ஆசிரியர்களைக் கைது செய்து, ஏறக்குறைய 500 பேரை வடகோடியில் இருக்கும் கிர்கெனெஸுக்குக் கப்பலில் அனுப்பிக் கடும் வேலை வாங்கினார்கள். உள்ளே இருந்தவர்களின் குடும்பங்களுக்கு வெளியே இருந்தவர்கள் ரகசியமாகப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். கடைசியில், ஆசிரியர்களாகிய நீங்கள் எனக்கு எல்லாவற்றையும் கெடுத்துவிட்டீர்கள் என்று குவிஸ்லிங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் போய்க் கத்தினார். அந்தச் சங்கம் காகிதத்தோடு நின்றது.

இதில் வீரத்தை விட ஏற்பாட்டைத்தான் நான் பார்க்கிறேன். ஒரே வாசகம், ஒரே நாள். அதனால் யாரும் முதல் ஆள் இல்லை, யாரும் தலைவன் இல்லை. எட்டாயிரம் பேரை வேலையை விட்டு நீக்கினால் பள்ளிக்கூடத்தை யார் நடத்துவது? நீங்கள் ஒருவர் மட்டும் மறுத்தால் அரை மணி நேரத்தில் உங்கள் நாற்காலியில் வேறொருவர். சம்பளம் நின்றால் வீட்டில் அடுப்பு எரிய ஒரு வழி இருக்க வேண்டும் என்பதையும் யாரோ முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். ரஷ்ய ஊழியர்களுக்கும் முன்பணமாகச் சம்பளம் கொடுக்கப்பட்டதுதான், அது தீர்ந்ததும் உறுதியும் தீர்ந்தது.

நெதர்லாந்தில் நடந்தது இதற்கு நேர் எதிர், அதைச் சொல்லும்போது என் மேல் எனக்கே வருத்தம் வரும். 1940 அக்டோபரில் ஜெர்மானியர்கள் அரசு ஊழியர்கள் எல்லோரிடமும் ஒரு படிவம் கொடுத்தார்கள்: நீ யூதரா, இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போடு. வெறும் படிவம்தானே? ஏறக்குறைய எல்லோரும் நிரப்பிக் கொடுத்தார்கள். அடுத்த மாதமே யூத ஊழியர்கள் வேலையிலிருந்து விலக்கப்பட்டார்கள். அப்புறம் யூதர்கள் எல்லோரையும் பதிவு செய்யும் உத்தரவு. மிகச் சுத்தமாகப் பராமரிக்கப்பட்ட மக்கள்தொகைப் பதிவேடு ஏற்கெனவே தயாராக இருந்தது. நாட்டிலிருந்த சுமார் 1.4 லட்சம் யூதர்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1943 மார்ச் 27இல் எதிர்ப்புக் குழுவினர் போலீஸ் வேடத்தில் போய் ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். தீயணைப்புப் படையினரில் சிலர் வேண்டுமென்றே தாமதித்தார்கள், வந்தபின் தேவைக்கு மேல் தண்ணீரையும் அடித்தார்கள். அத்தனை செய்தும் அழிந்தது அட்டைகளில் 15 சதவீதம் போலத்தான். பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

என் வருத்தம் இதுதான். அந்தப் படிவத்தை நீட்டி ஒரு ஆளைத் திருப்பியனுப்பினேன் என்று மேலே பெருமையாக எழுதினேன் அல்லவா? அதே நான், அதற்குச் சில மாதம் கழித்து வேறொருவருக்கு வாய்மொழியாகவே அனுமதி கொடுத்திருக்கிறேன். அவர் மிரட்டவில்லை, சிரித்துக்கொண்டே கேட்டார். ‘பார்க்கிற அனுமதி மட்டும் போதும், எதையும் மாற்ற மாட்டேன், ரெண்டு நாளைக்கு’ என்றார். இரண்டு நாள் ஏழு மாதமானது, தணிக்கைக்காரர்கள் வந்து கேட்ட பிறகுதான் எனக்கே நினைவு வந்தது. அத்தனை நாளும் ஆயிரக்கணக்கான பேரின் வங்கிக் கணக்கு எண்ணும் முகவரியும் அவர் கண் முன்னால். எனக்கு ஒரு மெமோவோடு போயிற்று. பெரிதாகக் கேட்பவனை மறுப்பது சுலபம், சின்னதாகக் கேட்பவனிடம்தான் நாம் ஏமாறுகிறோம். ஆட்சியைப் பிடித்தவனும் முதல் நாளே நாசகாரமான உத்தரவைப் போட மாட்டான். ஒரு பட்டியல் கேட்பான், ஒரு படிவம் கேட்பான்.

இனி கம்ப்யூட்டருக்கு வருகிறேன். 1920இல் ஒரு அமைச்சகம் ஓடுவதற்கு நூறு கைகள் வேண்டும்: எழுத, நகலெடுக்க, முத்திரை குத்த, சுமந்துபோக. ஒவ்வொரு கையும் மறுக்கக்கூடிய ஒரு இடம். இன்றைக்குச் சம்பளப் பட்டியல் இரவில் தானாக ஓடி, விடிந்தால் பணம் கணக்கில் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் எழுந்து போனாலும் அடுத்த மாதமும் ஓடும், அதற்கடுத்த மாதமும் பெரும்பாலும் ஓடும். கைகள் குறைந்தபோது மறுக்கும் இடங்களும் குறைந்துவிட்டன. இதை நன்மை என்று சொல்லித்தான் எங்களுக்கு விற்றார்கள். ஆனால் ஓடுகிறதை ஓட விடுவது வேறு, மாற்றுவது வேறு. நாற்பது வருடப் பழைய நிரலில் எந்தக் காலிப் பெட்டிக்கு என்ன அர்த்தம் என்பது இரண்டு மூன்று பேர் தலையில்தான் இருக்கும். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புப் பதிவேட்டில் நூறு வயது தாண்டியும் இறப்புத் தேதி பதியாத பெயர்கள் சுமார் 1.89 கோடி உண்டு என்று 2023இலேயே அவர்களின் தணிக்கை சொல்லியிருந்தது, அவர்களில் கிட்டத்தட்ட யாருக்கும் பணம் போகவில்லை என்றும் சொல்லியிருந்தது. 2025இல் எலான் மஸ்க்கின் செலவுக் குறைப்புக் குழுவாக உள்ளே வந்தவர்கள் அதே பெயர்களைப் பார்த்துவிட்டு 150 வயதுக்காரர்கள் பணம் வாங்குகிறார்கள் என்று முழங்கினார்கள். பழைய ஆளைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விளக்கியிருப்பார்.

பாஸ்வேர்டு விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். இயந்திரமே அவர்கள் கையில் இருந்தால் உங்கள் பாஸ்வேர்டு இல்லாமலும் உள்ளே போக வழி உண்டு. மென்பொருளை விற்ற நிறுவனத்தின் பொறியாளரைக் கூப்பிடுவார்கள், வாடகை சர்வர் என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரைப் பிடிப்பார்கள். ஆக மறுப்பதால் கிடைப்பது சில மணி நேரம், மிஞ்சிப்போனால் சில நாள். அந்த அவகாசத்தை வெளியே யாராவது பயன்படுத்தினால் அது பொன், இல்லாவிட்டால் வெறும் பிடிவாதம். மியான்மரில் 2021 பிப்ரவரி 1இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த மூன்றாம் நாள், நியூயார்க்கில் அமெரிக்க மத்திய வங்கியில் இருந்த சுமார் 100 கோடி டாலரை நகர்த்த முயன்றார்கள். வழக்கமான பாதுகாப்புத் தடுப்பில் அந்தக் கோரிக்கை சிக்கி நின்றது, அதிகாரிகள் அதை இழுத்தடித்தார்கள், அதற்குள் தடை உத்தரவு வந்து பணம் முடங்கிப்போனது. அந்தத் தடுப்பு சாதாரண நாளுக்காக யாரோ வைத்தது.

பணத்துக்கும் தரவுக்கும் உள்ள வித்தியாசத்தையும் மனசில் வையுங்கள். போன பணத்தைப் பத்து வருடம் கழித்தாவது வழக்குப் போட்டுக் கேட்கலாம். நகலெடுத்த தரவைத் திரும்ப வாங்கவே முடியாது. எனவே பெயர், முகவரி, மதம், கைரேகை உள்ள பதிவேடுகள் உங்கள் பொறுப்பில் இருந்தால் நெருக்கடி நாளில் யோசிப்பது தாமதம். உக்ரைன் 2022இல் படையெடுப்புக்குச் சில நாள் முன்னால்தான் சட்டத்தை மாற்றி அரசுத் தரவுகளை வெளிநாட்டு மேகச் சர்வர்களுக்கு அனுப்ப வழி செய்தது. போர் தொடங்கியதும் பதிவேடுகளின் அணுகலை நிறுத்தியது. இதைச் செய்தது சட்டப்படியான அரசு, தனி ஊழியர் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அப்படியே மியான்மரில் நடந்ததையும் முழுசாகச் சொல்ல வேண்டும், வெற்றிக் கதைகளை மட்டும் அடுக்கினால் உங்களுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். வேலைநிறுத்தத்தை டாக்டர்களும் நர்ஸுகளும் தொடங்கினார்கள், ஆசிரியர், ரயில்வே, வங்கி, மின்வாரியம் என்று பரவியது. வங்கிகள் மூடிக்கிடந்தன, ஏடிஎம் வாசலில் வரிசை. ஜனங்கள் மின்கட்டணத்தைக் கட்ட மறுத்தார்கள். ராணுவம் யாங்கூனில் ரயில்வே குடியிருப்புக்குள் புகுந்து வேலைநிறுத்தம் செய்த குடும்பங்களை வீட்டை விட்டுத் துரத்தியது. மே மாதத்துக்குள் 1.25 லட்சம் ஆசிரியர்கள் தற்காலிகப் பணிநீக்கம். ராணுவம் ஐந்து நாளில் ஓடவில்லை, ஐந்து மாதத்திலும் ஓடவில்லை. நாடு உள்நாட்டுப் போருக்குள் போனது. ஒழுங்காக ஆள முடியாமல் செய்தார்கள் என்பது நிச்சயம். அதற்கு ஊழியர்களும் நோயாளிகளும் பள்ளிப் பிள்ளைகளும் கொடுத்த விலைக்கு அது ஈடா என்று தூரத்தில் உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு முக்கியமான பிரிவினை. சட்டத்தை மீறி வந்தவன் வேறு, ஓட்டு வாங்கி வந்த அரசு உங்களுக்குப் பிடிக்காததைச் செய்வது வேறு. இரண்டாவதில் ஒட்டுமொத்தமாக மறுக்கும் உரிமை ஊழியருக்குக் கிடையாது என்பதே என் கருத்து. குறிப்பிட்ட ஒரு உத்தரவு சட்டவிரோதம் என்றால் அந்த ஒன்றை மட்டும் மறுக்கலாம். 1972 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகர் ஜான் டீன், வருமான வரித் துறைத் தலைவர் ஜானி வால்டர்ஸிடம் அரசியல் எதிரிகளின் பட்டியலைக் கொடுத்து விசாரிக்கச் சொன்னார். வால்டர்ஸ் நேராகத் தன் மேலதிகாரியான நிதியமைச்சர் ஜார்ஜ் ஷூல்ட்ஸிடம் போனார், அவர் எதுவும் செய்யாதே என்றார், பட்டியல் உறைக்குள் போய்ப் பெட்டகத்தில் பூட்டப்பட்டது. அடுத்த வருடம் நாடாளுமன்றக் குழுவின் கையில் போய்ச் சேர்ந்தது. கிழிக்கவில்லை பாருங்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்கக் கருவூலத்தின் பட்டுவாடா அமைப்புக்கும் சமூகப் பாதுகாப்புத் தரவுக்கும் அந்தச் செலவுக் குறைப்புக் குழு அணுகல் கேட்டபோது, எதிர்த்த மூத்த அதிகாரிகள் விலகினார்கள் அல்லது விடுப்பில் அனுப்பப்பட்டார்கள், அவர்கள் இடத்துக்கு வந்தவர்கள் கதவைத் திறந்தார்கள். அதிலும் சமூகப் பாதுகாப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்று வெளியேறிய ஒரு அதிகாரி தந்த பிரமாண வாக்குமூலம் வழக்கில் பயன்பட்டது, மார்ச்சில் நீதிபதி தற்காலிகத் தடை போட்டார். ஜூனில் உச்ச நீதிமன்றம் அணுகலை அனுமதித்துவிட்டது. எனவே ராஜினாமா என்பதை நான் கடைசியில் வைப்பேன். நீங்கள் போனால் அந்த இடம் காலி, வருபவர் யாரென்று தீர்மானிப்பது அவர்கள்.

சட்டப் பாதுகாப்பு என்று பார்த்தால் வெளிநாட்டு ஆக்கிரமிப்புக்கு மட்டும் ஒன்று உண்டு: 1949 ஜெனீவா நான்காம் ஒப்பந்தத்தின் 54ஆம் பிரிவு, மனசாட்சி காரணமாகப் பணி செய்ய மறுக்கும் அதிகாரியைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. பதவியிலிருந்து எடுக்கலாம் என்றும் அதுவே சொல்கிறது. உள்நாட்டுக் கவிழ்ப்புக்கு இது பொருந்தாது. அங்கே உங்கள் பணி விதிகளும் உங்கள் நாட்டு நீதிமன்றமும்தான், அதை உள்ளூர் வக்கீலிடம் கேளுங்கள்.

அழித்துவிட்டுப் போவது பற்றி: வேண்டாம். ஓய்வூதியப் பட்டியலை அழித்தால் பசியோடு இருப்பது ஆட்சியைப் பிடித்தவன் இல்லை. நல்ல அரசு திரும்பி வந்தாலும் அதற்கும் அந்தப் பதிவு வேண்டும். நாசவேலை என்று காட்டி உங்கள் சகாக்கள் மேல் பாய அவர்களுக்கு ஒரு சாக்கும் கிடைக்கும். ஆம்ஸ்டர்டாமில் தீ வைத்தவர்கள் செய்தது தப்பா என்று கேட்டால் என்னால் தப்பு என்று சொல்ல முடியாது. பதிவேடே கொலைக் கருவியாகிவிட்ட இடத்தில் என் விதி உடைகிறது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

பாஸ்வேர்டை உங்கள் தலைக்குள் மட்டும் பூட்டி வைப்பதும் வேண்டாம். சான் பிரான்சிஸ்கோ நகராட்சியில் 2008இல் ஒரு நெட்வொர்க் பொறியாளர் தன் மேலதிகாரிகள் லாயக்கில்லாதவர்கள் என்று முடிவு கட்டி யாருக்கும் கொடுக்க மறுத்தார். சிறையில் போட்டார்கள், மேயர் நேரில் போனபோது அவரிடம் மட்டும் கொடுத்தார், அதுவரை நெட்வொர்க் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 2010இல் நான்கு வருடத் தண்டனை. யாருக்கு அதிகாரம் என்பதைத் தனி ஆளாகத் தீர்மானிக்கிறவனுக்கும் ஆட்சியைப் பிடிக்கிறவனுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. எனவே எந்த ஒப்பம் செல்லும், எது செல்லாது, பெரிய மாற்றத்துக்கு எத்தனை பேர் சேர்ந்து அனுமதிக்க வேண்டும், யார் எப்போது உள்ளே வந்தார் என்ற லாக் எந்த வெளி இடத்துக்கு நகலாகப் போகிறது என்பதையெல்லாம் அமைதியான நாளிலேயே எழுத்தில் கொண்டு வந்து, மேலதிகாரியிடம் ஒப்பம் வாங்கி வையுங்கள். அந்த நாள் வந்தால் நீங்கள் செய்ய வேண்டியது அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டுவதுதான். துப்பாக்கியை நெற்றியில் வைத்தால் கொடுத்துவிடுங்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது, கொடுத்த நேரத்தையும் யார் கேட்டார் என்பதையும் எங்காவது குறித்து வையுங்கள், போதும்.

ஒன்று மட்டும் நீங்கள் சொல்லவே இல்லை. பாஸ்வேர்டு இரண்டு பேரிடம் இருக்கிறது என்றீர்கள். அந்த இன்னொருவரிடம் இதைப் பற்றி என்றைக்காவது பேசியிருக்கிறீர்களா?